காது தேடும் சொற்கள்



விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில் இருக்கிறது. முருகன் கோயில்தான். ஆனால் கருவறையில் வேல் பிடித்து நிற்கும் உருவம் கிடையாது, பீடமே மூர்த்தி. கொளுஞ்சிச் செடி மண்டிக் கிடந்த காட்டில் பசு ஒன்று தானாகப் பால் சொரிந்த இடம் என்று தலவரலாறு சொல்கிறது. இந்தக் கோயிலின் பெயரைத் தென்னாற்காட்டுப் பக்கம் யாரிடம் சொன்னாலும் அடுத்து அவர் வாயில் வருவது, ‘பிராது கட்டுற கோயில்’ என்பதுதான்.

வருகிறவர் ஒரு வெள்ளைத் தாளில் தம் பெயர், ஊர், யார்மேல் என்ன குறை, என்ன நடக்கவேண்டும் என்று எழுதுகிறார். கொடுத்த கடன் திரும்பவில்லை, வீட்டில் திருட்டுப் போய்விட்டது, பங்காளி வரப்பை வெட்டிவிட்டான், மருமகன் மகளைத் தள்ளிவைத்துவிட்டான் என்பது மாதிரியான சங்கதிகள். அந்தத் தாளை சுவாமி முன் வைத்துப் பூசை செய்கிறார்கள். பிறகு திருநீற்றோடு மடித்து, முனியப்பர் சன்னதியில் இருக்கும் வேலில் நூலால் கட்டுகிறார்கள். இதற்குக் கட்டணம் உண்டு. கட்டணம் போக, ஊர் எவ்வளவு தொலைவு என்று கணக்குப் பார்த்துப் படிப்பணமும் உண்டு. மூன்று நாள், மூன்று வாரம், மிஞ்சிப் போனால் மூன்று மாதத்துக்குள் முடிவு தெரிந்துவிடும் என்பது நம்பிக்கை. காரியம் முடிந்ததும் திரும்ப வந்து பிராதை வாபஸ் வாங்கவேண்டும்.

அந்தப் படிப்பணத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். முன்சீப் கோர்ட்டில் எதிராளிக்கு சம்மன் அனுப்ப வேண்டுமானால், அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஊழியருக்கு வழக்குப் போட்டவர் படி கட்டியாக வேண்டும். கோயிலும் அதே நடைமுறையை வைத்திருக்கிறது. முனியப்பர் ஊருக்குப் போய் விசாரிக்கிறார் என்றால், அவர் நடக்கும் தூரத்துக்குப் படி கொடுப்பதுதானே முறை. பிராது, படி, வாபஸ் என்று ஒரு கோர்ட்டுக் கச்சேரியின் நடைமுறை முழுவதும் அந்த வேலைச் சுற்றி நிற்கிறது. கோர்ட்டுக்குப் போய் அலுத்தவர்களும், போக வழியில்லாதவர்களும், கோர்ட்டின் சொற்களை எடுத்துக்கொண்டு போய் தெய்வத்திடம் கொடுத்திருக்கிறார்கள். வடக்கே உத்தராகண்டில், அல்மோராவுக்குப் பக்கத்துச் சிதை என்ற ஊரில் கோலு தேவதா கோயிலிலும் இதுபோன்ற வழக்கம் உண்டு. அங்கே முத்திரைத்தாளிலேயே மனு எழுதிக் கட்டுகிறார்கள். நினைத்தது நடந்தால் மணி வாங்கித் தொங்கவிடுகிறார்கள். கோயில் முழுக்க மணிகள்.

‘பிராது’ என்ற சொல்லைத் தமிழ் என்று நினைக்கிறவர்கள் இப்போதும் கிராமங்களில் இருக்கிறார்கள். பஞ்சாயத்து, ஆலமரம், நாட்டாமை என்று சினிமா அதை அவ்வளவு பழக்கப்படுத்திவிட்டது. அது பாரசீகச் சொல். ‘ஃபர்யாத்’ என்றால் அந்த மொழியில் அலறல், உதவி கேட்டுக் கத்துவது. இன்றைக்கும் ஈரானில் ஒருவர் வாய்விட்டுக் கத்தினால் அதற்கு அதுதான் பெயர். உருதுவில் ‘ஃபிரியாத்’ ஆனபோது, அரசன் முன்னால் நின்று நியாயம் கேட்டுக் கத்துவது என்று பொருள் நெருங்கி வந்தது. மராத்தியில் ‘ஃபிர்யாத்’ என்றால் போலீசில் கொடுக்கும் புகார், கொடுத்தவர் ‘ஃபிர்யாதி’. தெலுங்கில் ‘ஃபிர்யாது’ இன்றும் நாளிதழ்ச் சொல். தமிழ் நாக்கு ‘ஃப’வைப் ‘ப’ ஆக்கியது, நடுவில் இருந்த யகரத்தை விழுங்கியது, கடைசியில் ஓர் உகரம் சேர்த்துக்கொண்டது. ஃபிரியாத், பிராது ஆயிற்று.

இந்தச் சொல் தனியாக வரவில்லை. ஒரு நீதிமன்றமே குடிபெயர்ந்து வந்தது போல, கூட்டமாக வந்தன. வக்கீல், தாவா, ஜாமீன், ஜப்தி, அமீனா, கைதி, அசல், நகல், வாய்தா, ராஜினாமா, மகஜர், தஸ்தாவேஜு. பாரசீகமும் அதன் வழியாக அரபியும் தந்தவை இவை. செஞ்சி 1649இல் பீஜப்பூர் கைக்குப் போனது. 1698இல் மொகலாயர் கைக்கு. அப்புறம் ஆற்காட்டு நவாபுகள். தஞ்சாவூரில் 1670களிலிருந்து 1855 வரை மராத்தியர். இவர்கள் எல்லோருடைய கணக்கும் கச்சேரியும் பாரசீகச் சொற்களில்தான் ஓடின. 1801இல் ஆற்காட்டு நவாபின் கர்நாடகத்தை எடுத்துக்கொண்ட கும்பெனியார் வரிவசூலையும் வழக்கையும் அந்தச் சொற்களோடே வாங்கிக்கொண்டார்கள். குடியானவருக்கு அரசன் மாறியது காதில் விழுந்த செய்தி. கச்சேரி வாசலில் அவர் சொல்லவேண்டிய சொல் மாறவில்லை.

வந்த சொற்கள் இங்கே வந்தபின் நடந்துகொண்ட விதம் சுவையானது. ‘வாய்தா’ மூலத்தில் வாக்குறுதி. தமிழில் அது வரிக்குத் தவணை ஆனது, வழக்குக்கு ஒத்திவைப்பு ஆனது. ‘ராஜினாமா’ என்றால் ராஜிப் பத்திரம், இரு தரப்பும் ஒப்புக்கொண்ட எழுத்து. இப்போது பதவி விலகலுக்கு மட்டுமே அந்தப் பெயர். ‘மகஜர்’ அரபியில் கூடியிருத்தல், முன்னிலை. ஊரே கையெழுத்துப் போட்டுக் கலெக்டரிடம் கொடுக்கும் மனு நம்மிடம் மகஜர். போலீஸ்காரர்கள் சாட்சிகளை வைத்துக்கொண்டு சம்பவ இடத்தில் எழுதும் பார்வை மகஜரில் பழைய பொருள் அப்படியே இருக்கிறது.

இந்த வரிசையில் மிகவும் வியக்க வைப்பது ‘தகராறு’. அரபியில் ‘தக்ரார்’ என்றால் திரும்பத் திரும்பச் சொல்லுதல். மராத்தியில் அது குறை சொல்லுதல் ஆகி, இன்றைக்குக் கடைக்காரர்மேல் கொடுக்கும் சாதாரணப் புகாருக்கும் அதுவே சொல். தமிழில் அது சண்டை. ஒரே குறையைக் கேட்பார் இல்லாமல் பலமுறை சொன்னால் கடைசியில் அது சண்டையில்தான் போய் நிற்கும் என்பதை அந்தச் சொல் மூன்று மொழிகளில் நடந்து காட்டியிருக்கிறது.

இனி ‘புகார்’.

இதுவும் இந்துஸ்தானிதான். ‘புகார்’ என்றால் கூப்பிடுதல், குரல் கொடுத்தல். 1939இல் சொராப் மோடி எடுத்த இந்திப் படம் ஒன்றின் பெயர் ‘புகார்’. ஜஹாங்கீரின் நீதியைப் பற்றிய கதை. ராணியின் அம்பு பட்டு ஒரு சலவைத் தொழிலாளி இறந்துபோகிறான். அவன் மனைவி வந்து ராஜாவிடம் நியாயம் கேட்கிறாள். ஜஹாங்கீர் 1605இல் பட்டத்துக்கு வந்ததும் முதல் உத்தரவாக ஆக்ரா கோட்டையிலிருந்து யமுனைக் கரைக் கல்தூண் வரை 60 மணிகள் கோத்த தங்கச் சங்கிலி ஒன்றைக் கட்டச் சொன்னதாகத் தன் வாழ்க்கைக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறார். அதிகாரிகள் கேட்கவில்லை என்றால் நேரே வந்து ஆட்டலாம் என்பதுதான் அதன் நோக்கம். இந்தியில் ‘புகார்’ என்ற சொல் இன்றும் அந்தக் குரலாகவே இருக்கிறது. எழுதிக் கொடுக்கும் குறைக்கு அங்கே ‘ஷிகாயத்’ என்பார்கள். குரலைத் தாளாக மாற்றிக்கொண்டது தமிழ்.

1956இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. கச்சேரிச் சொற்களைத் தமிழாக்கும் வேலை முனைப்பாக நடந்தது. ஜில்லா மாவட்டம் ஆனது, தாலுகா வட்டம் ஆனது, வக்கீல் வழக்கறிஞர் ஆனார், ஜாமீன் பிணை ஆனது. பிராதும் ஏட்டிலிருந்து இறங்கி ஊர்ப் பஞ்சாயத்தோடும் கொளஞ்சியப்பரோடும் நின்றுகொண்டது. புகார் மட்டும் தப்பித்தது. அதோடு வளர்ந்து, புகார்ப் பெட்டி, புகார்தாரர், புகார் மனு என்று குடும்பமும் ஆகிவிட்டது. காரணம் அதன் ஓசை என்றே தோன்றுகிறது. கிரந்த எழுத்து இல்லை, தமிழில் மொழிமுதல் வராத எழுத்தும் இல்லை. போதாததற்கு, அதே எழுத்துகளில் இரண்டாயிரம் ஆண்டுப் பழைய ஊர் ஒன்றும் நம்மிடம் இருக்கிறது.

காவிரி கடலில் புகும் இடத்துப் புகார் வேறு, இந்தப் புகார் வேறு. இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை. ஆனால் தமிழ் இலக்கியத்தின் மிகப் பெரிய முறையீட்டைச் செய்தவள் அந்த ஊர்க்காரி என்பது நினைக்க நினைக்க மனத்தை விட்டுப் போவதில்லை.

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைக் கவிதையாக மட்டும் படித்துப் பழகிவிட்டோம். ஒரு வழக்கு எப்படிக் கொடுக்கப்படுகிறது என்று பார்ப்பதற்காகவும் ஒருமுறை படிக்கலாம். வாயில் காவலன் உள்ளே போய், வந்திருப்பவள் எப்படி இருக்கிறாள் என்று சொல்கிறான். உள்ளே வரச் சொல்கிறான் அரசன். நீ யார் என்று கேட்கிறான். கண்ணகி முதலில் சொல்வது ஊர். அந்த ஊரை அவள் அடையாளம் காட்டும் விதம் முக்கியமானது: புறாவுக்காகத் தன் உடம்பை அறுத்துக் கொடுத்த அரசன் இருந்த ஊர், பசு மணியடித்ததைக் கேட்டு மகனைத் தேர்க்காலில் இட்ட அரசன் இருந்த ஊர். முறையீட்டைக் கேட்ட காதுகள் இரண்டை நினைவூட்டிவிட்டுத்தான் தன் முறையீட்டைத் தொடங்குகிறாள். அப்புறம் மாமனார் பெயர், கணவன் எதற்கு இந்த ஊருக்கு வந்தான், என்ன நடந்தது, அவன் பெயர், கடைசியாகத் தன் பெயர். பிறகு சான்று. அரசியின் சிலம்பில் முத்து என்று அரசன் வாயாலேயே வரவைத்துவிட்டு, தன் சிலம்பை உடைத்து மாணிக்கத்தைக் காட்டுகிறாள். பெயர், முகவரி, உறவு, சம்பவம், ஆவணம். எந்தக் காவல் நிலையத்து எழுத்தரும் இதில் ஒரு வரி கூடுதலாகக் கேட்க முடியாது.

அந்தக் காலத்தில் இதற்குப் பெயர் முறையிடுதல். ‘முறை’ என்ற சொல் வரிசை, தடவை, உறவு, ஒழுங்கு, நீதி என்று எத்தனையோ பொருள்களைத் தாங்குகிறது. திருக்குறளில் அரசன் செய்யவேண்டியது முறை. அந்த முறை தவறும்போது குடிமகன் ‘முறையோ!’ என்று கூவினான். பாரசீகத்தான் கத்தினான், இந்துஸ்தானிக்காரன் கூப்பிட்டான், தமிழனும் கூவத்தான் செய்தான். ஆனால் இங்கே கூவலுக்கு உள்ளேயே நீதி என்ற சொல் இருக்கிறது. ‘எனக்கு வலிக்கிறது’ என்பதோடு நிற்காமல், ‘நீ செய்யவேண்டியதைச் செய்யவில்லை’ என்று அரசனுக்கு அவன் கடமையை எடுத்துக் காட்டுகிற சொல் அது. இவ்வளவு நிமிர்ந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நாம் புகாரை அன்றாடத்துக்கு எடுத்துக்கொண்டோம் என்பதில் வருத்தம் உண்டு. முறையீடு இப்போது பெரும்பாலும் மேல்முறையீட்டில் மட்டும் உயிரோடு இருக்கிறது.

இலங்கையில் நிலைமை வேறு. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஒருவர் பொலிஸ் நிலையத்துக்குப் போனால் முறைப்பாடு செய்வார். அங்கத்தைய நாளிதழ்களிலும் முறைப்பாடுதான். தமிழ்நாட்டுக்காரர் காதுக்குச் செந்தமிழாகப் படும் அந்தச் சொல் அங்கே மீன் சந்தையிலும் கேட்கக் கூடியது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நம்மைப்போல் புகார் என்கிறார்கள்.

எழுதிக் கொடுக்காத குறைகளுக்கும் தமிழில் பஞ்சம் இல்லை. திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கம் ‘ஆவலாதி’ என்ற சொல் இருக்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பிள்ளை, பக்கத்து வீட்டுப் பையன் பென்சிலைப் பிடுங்கிவிட்டான் என்று தாத்தாவிடம் சொல்வது ஆவலாதி. கல்யாண வீட்டில் தன்னைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று சம்பந்தியம்மாள் சொல்வதும் ஆவலாதி. ‘என்னவே, வந்ததும் ஆவலாதிய ஆரம்பிச்சிட்டீரு?’ என்பார்கள். இருப்பவனைப் பார்த்து இல்லாதவன் மனம் அடித்துக்கொள்வது அங்கலாய்ப்பு. ஆள் இல்லாதபோது பேசுவது புறணி. ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது கோள். யார், யாரிடம், யார் இல்லாதபோது சொன்னார் என்பதைப் பொறுத்தே இந்தச் சொற்கள் பிரிகின்றன.

இவற்றில் ஆழமான வரலாறு உள்ளது ‘புலம்பல்’. இன்று அதற்கு ஓயாமல் குறை சொல்வது என்று பொருள். கொஞ்சம் அலட்சியமாகவே சொல்கிறோம். பழந்தமிழில் ‘புலம்பு’ என்றால் தனிமை. தொல்காப்பியம் உரியியலில் அந்தப் பொருளைத்தான் தருகிறது. சங்கப் பாட்டில் மாலை நேரத்தில் தலைவியைச் சூழ்வது புலம்பு. துணை இல்லாத நிலை. அதிலிருந்து தனிமையில் எழும் அழுகுரல், பின்பு அழுகை, பின்பு தொணதொணப்பு என்று சொல் கீழே இறங்கி வந்திருக்கிறது. ஆனால் வேர் கெடவில்லை. ‘அந்தம்மா பாவம், ஒரே புலம்பல்’ என்று சொல்லும்போது அந்த அம்மாவின் பேச்சை யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். கேட்க ஆள் இருந்தால் அதே வார்த்தைகள் முறையீடு. ஆள் இல்லையென்றால் புலம்பல். குறையில் வித்தியாசம் இல்லை, காதில்தான் இருக்கிறது.

அந்தக் காதைப் பற்றிக் கவலைப்பட்டவர்களில் ஒருவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. முன்சீப்பாக இருந்தவர். சாட்சி சொல்கிறவனுக்கும் வழக்காடுகிறவனுக்கும் தெரியாத மொழியில் வழக்கு நடப்பதை அவர் பொறுக்கவில்லை. அன்றைய மேல்முறையீட்டு மன்றமான சதர் கோர்ட்டின் தீர்ப்புகளைத் தொகுத்துத் தமிழில் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்று 1862இல் வெளியிட்டார். 1879இல் வந்த ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ நாவலிலும் தமிழ்நாட்டுக் கோர்ட்டில் தமிழ் வேண்டும் என்பதற்கு நீண்ட வாதம் உண்டு. நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரே, எதிரில் நிற்பவனின் குரல் தமக்கு வந்து சேரவில்லை என்று கவலைப்பட்டார்.

இன்று திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ‘ஐயா, நான் மேற்படி முகவரியில் வசித்து வருகிறேன்’ என்று தொடங்கும் அந்த நடை அவர்கள் கைக்கு மனப்பாடம். பட்டா, முதியோர் உதவித்தொகை, பாதை ஆக்கிரமிப்பு. உள்ளே ஒரு மேஜையில் பதிவெண் போட்டு வாங்குகிறார்கள். பிறகு அந்தத் தாள், எந்த அலுவலகத்தைப் பற்றிய குறையோ அந்த அலுவலகத்துக்கே பெரும்பாலும் திரும்பிப் போகிறது. 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமைக்கு ஆளான ஒரு குடும்பமே தீக்குளித்து இறந்தது. தாய், தகப்பன், இரண்டு சிறு குழந்தைகள். அவர்கள் ஏற்கெனவே பலமுறை மனு கொடுத்தவர்கள். அன்றிலிருந்து பல ஆட்சியர் அலுவலக வாசல்களில் மனுவோடு வருகிறவர்களின் பையில் மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். சோதிக்க வேண்டியதுதான். ஆனால் அதே குறையோடு அதே ஆள் எத்தனையாவது தடவையாக வந்திருக்கிறார் என்று வாசலில் யாராவது கேட்டால், பையைத் திறந்து பார்ப்பதைவிட அது அதிகம் சொல்லும்.

காவல் நிலையத்தில் சட்டம் இன்னும் தெளிவாக இருக்கிறது. அங்கே பதிவாகும் தாளின் பெயரில் புகார் என்ற சொல்லே கிடையாது. அது முதல் தகவல் அறிக்கை. பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் நடந்திருப்பதாகத் தகவல் சொன்னால் வழக்குப் பதிந்தே ஆகவேண்டும், முதலில் விசாரித்துப் பார்க்கிறோம் என்று தட்டிக்கழிப்பதற்குச் சில வகை வழக்குகளில் மட்டும்தான் இடம் உண்டு என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2013 நவம்பரில் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆவது பிரிவு, எந்த எல்லையில் நடந்த குற்றமானாலும் எந்த நிலையத்திலும் சொல்லலாம் என்கிறது. வாயால் சொன்னால் அதை எழுதி, சொன்னவருக்குப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கவேண்டும். மின்னஞ்சல் போன்ற வழியில் அனுப்பினால் மூன்று நாளுக்குள் கையெழுத்திட வேண்டும். அறிக்கையின் நகல் இலவசம். நிலையத்தில் மறுத்தால் கண்காணிப்பாளருக்கு எழுதலாம், அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

தமிழ்நாட்டில் பலருக்கு நடைமுறையில் கிடைப்பது சி.எஸ்.ஆர். ரசீது. மனு வந்தது என்பதற்கான சான்று அது. வழக்குப் பதிந்ததாகப் பொருள் இல்லை. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெரியாமல், கையில் ஒரு சீட்டு வந்துவிட்ட நிம்மதியோடு பஸ் ஏறி ஊருக்குத் திரும்புகிறவர்கள் ஏராளம். ஆகவே புகாரோடு போகிறவர்கள் ஒன்று செய்யலாம். சொன்னதை எழுதியபின் ‘படிச்சுக் காட்டுங்க சார்’ என்று கேட்டு, முழுதும் கேட்டபிறகே கையெழுத்துப் போடலாம். பிறகு வாங்கிக்கொள்ளும் தாளின் தலைப்பில் முதல் தகவல் அறிக்கை என்று இருக்கிறதா, மனு ரசீது என்று இருக்கிறதா என்று அங்கேயே நின்று பார்க்கலாம். எழுதப் படிக்கத் தெரியாதவரோடு கூடப் போகிறவருக்கு இதைவிட முக்கியமான வேலை வேறில்லை.